வயித்தைப் பாத்து தீனி போடுங்க: வாசகர் கேள்வி பதில்

இந்த மாசம் தபால்லயும் வாட்ஸ்அப்லயும் வந்த கேள்விங்க பெரும்பாலும் தீனியைப் பத்தியே இருக்கு, அதுவும் கறவை மாட்டுத் தீனி இல்ல, நாய், பூனை, கோயில் யானை, ஜூவுல இருக்கற மிருகம்னு. படிச்சு ரொம்ப சந்தோஷமா இருந்துச்சு, ஏன்னா நம்ம டெல்டாவுல மாட்டுத் தீவனம் பத்தி பேச ஊருக்கு நாலு பேர் இருக்காங்க, இதுங்களுக்குன்னு பேச ஆள் ரொம்பக் கம்மி. இந்தத் தீனி விஷயத்தையே ஒரு படிப்பா படிக்கணும்னு ஆசைப்பட்டு எழுதுனவங்க கேள்வியை முதல்ல எடுத்துக்கறேன்.

கேள்வி: நான் பிளஸ் டூ பயாலஜி குரூப் படிக்கறேன் டாக்டர். வீட்ல மாடும் இருக்கு, நாயும் இருக்கு. ஊசி போடறதை விட மிருகங்களுக்கு என்ன சாப்பாடு குடுக்கணும்ங்கறதைப் படிக்கத்தான் எனக்கு ஆசை, அதுலயும் நாய், பூனை, ஜூவுல இருக்கற புலி, யானை இதுக்கெல்லாம். அப்படி ஒரு படிப்பு இருக்கா? எங்க படிக்கறது?
ஒரு மாணவி, மன்னார்குடி வட்டம்

பதில்: இருக்கும்மா, அதுக்குப் பேரு கால்நடை உணவியல், காலேஜ்ல எல்லாரும் அனிமல் நியூட்ரிஷன்னுதான் சொல்லுவாங்க. ஆனா பிளஸ் டூ முடிச்ச கையோட நேரா அதுல சேர முடியாது, முதல்ல பி.வி.எஸ்சி. முடிக்கணும், அது அஞ்சரை வருஷம், கடைசி ஒரு வருஷம் இன்டர்ன்ஷிப். அப்புறம் ரெண்டு வருஷம் எம்.வி.எஸ்சி.ல அனிமல் நியூட்ரிஷன் எடுத்துப் படிக்கலாம், அதுக்கு மேல பிஎச்.டி. இதெல்லாம் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்துல இருக்கு, 1989ல ஆரம்பிச்சது, தனுவாஸ்னு சொல்றது அதைத்தான். அதுக்குக் கீழதான் 1903லேந்து இருக்கற சென்னை வேப்பேரி காலேஜ், 1985ல வந்த நாமக்கல் காலேஜ், அப்புறம் உங்க ஊர்லேந்து பஸ் ஏறுனா போயிடற தூரத்துல 2012ல திறந்த ஒரத்தநாடு காலேஜ் எல்லாம். தமிழ்நாட்டுப் பிள்ளைங்களுக்கான இடத்துக்கு பிளஸ் டூ மார்க்தான், பயாலஜி 100, பிசிக்ஸ் 50, கெமிஸ்ட்ரி 50ன்னு மொத்தம் 200க்கு கட்-ஆஃப் போடுவாங்க, அகில இந்திய ஒதுக்கீட்டு 15 சதவீதத்துக்கு மட்டும்தான் நீட். அரசுப் பள்ளியில படிச்சிருந்தா 7.5 சதவீத உள் ஒதுக்கீடும் இருக்கு, அதை மறக்காம விண்ணப்பத்துல குறி.

கெமிஸ்ட்ரியை மட்டும் மார்க்குக்காகப் படிச்சுட்டு விட்டுடாதம்மா. இந்தப் படிப்போட அடிப்படையே அதுலதான் இருக்கு. ஒரு தீவனம் லேபுக்கு வந்தா ஈரம் எவ்வளவு, சாம்பல் எவ்வளவு, கொழுப்பு எவ்வளவு, நார் எவ்வளவுன்னு பிரிப்பாங்க, புரதத்தை நேரா அளக்காம நைட்ரஜனை அளந்து 6.25ஆல பெருக்கிக் கண்டுபிடிப்பாங்க. அதுலதான் யூரியா கலந்த புண்ணாக்கு கூட புரதம் அதிகம்னு காட்டி ஏமாத்திடும், ஏன்னா யூரியாவுலயும் நைட்ரஜன் இருக்கே. இதெல்லாம் தெரிஞ்சவனுக்குத்தான் மூட்டையில அச்சடிச்ச நம்பரைப் பாத்து எதைக் கேள்வி கேக்கணும்னு தெரியும்.

இன்னொரு விஷயம், நீ காலேஜ் போறதுக்கு முன்னாடியே மனசுல வெச்சுக்க வேண்டியது. நம்ம பாடத்திட்டத்துல உணவியல்னா பெரும்பாலும் மாடு, ஆடு, கோழிதான், அது தப்பில்ல, ஊருக்குச் சோறு போடறது அதுதான். ஆனா அங்க கணக்கு வேற. கறவை மாட்டுக்கு என்ன தீனி போட்டா எத்தனை லிட்டர், கறிக்கோழிக்கு எவ்வளவு தீனிக்கு எவ்வளவு எடைன்னு பாப்பாங்க, அந்தக் கோழி ஒன்றரை மாசம்தான் இருக்கப் போவுது. வீட்டு நாய்க்கும் ஜூ புலிக்கும் கோயில் யானைக்கும் லிட்டர் கணக்கும் இல்ல எடைக் கணக்கும் இல்ல, ஆயுள் கணக்குதான். பத்து வருஷம், ஐம்பது வருஷம் கழிச்சு அதோட பல்லு, எலும்பு, கால், கிட்னி எப்படி இருக்கும்ங்கறதை இன்னைக்கு போடற தீனியில யோசிக்கணும், அதனால அதே புரதம் அதே கால்சியம்தான், ஆனா கேள்வியே மாறிடுது. இந்தக் கேள்வியோட நீ கிளாஸ்ல உக்காந்தா மாட்டுக்கு நடத்தற பாடத்துலேந்தே உனக்கு வேண்டியதை எடுத்துக்கலாம்.

உங்க வீட்டு மாட்டையே பாரு. மாட்டுப் பொங்கல் அன்னைக்கு ஆசையா சர்க்கரைப் பொங்கலை அள்ளி அள்ளி ஊட்டிடுவாங்க, மறுநாள் மாடு வயிறு உப்பி அசை போடாம நிக்கும், டெல்டாவுல தை மாசம் கால்நடை டாக்டருங்களுக்கு இது தெரிஞ்ச கேஸ். என்னன்னா மாட்டோட பெருவயித்துல இருக்கற நுண்ணுயிருங்க வைக்கோலையும் புல்லையும் மெதுவா நொதிக்க வெக்கத்தான் பழகியிருக்கு, திடீர்னு அரிசியும் வெல்லமும் மொத்தமா விழுந்தா லாக்டிக் அமிலம் பெருகி வயிறு புளிச்சுப் போயி உசுருக்கே ஆபத்தாயிடும். மானுக்கும் அதே மாதிரி வயிறுதான், அதனாலதான் மான் பூங்காவுல பிஸ்கட்டு, பொரி போடாதீங்கன்னு போர்டு வெக்கறாங்க. யானைக்கும் குதிரைக்கும் முயலுக்கும் நொதிக்கற இடம் பின்னாடி, பெருங்குடல்ல. பூனைக்கும் புலிக்கும் நொதிக்க வெக்கற பெரிய அறையே கிடையாது, குடல் சின்னது, கறியைச் செரிக்கறதுக்குன்னே அமைஞ்சது. இந்த வித்தியாசம் புரிஞ்சா பாதி பாடம் புரிஞ்ச மாதிரி.

எம்.வி.எஸ்சி.க்கு வெளி மாநிலம் போகணும்னா உத்தரப் பிரதேசத்துல இஸத்நகர்ல இருக்கற இந்திய கால்நடை ஆராய்ச்சி நிறுவனத்துல உணவியல் பிரிவும் இருக்கு, வன உயிரின மையமும் இருக்கு, ரெண்டும் ஒரே வளாகத்துல கிடைக்கறது உனக்கு நல்லது. பெங்களூருல தேசிய கால்நடை உணவியல் மற்றும் உடலியங்கியல் நிறுவனமும் இருக்கு. அமெரிக்காவுல 1988லயே கால்நடை உணவியலுக்குன்னு தனி நிபுணர் வாரியம் வந்துடுச்சு, பி.வி.எஸ்சி. முடிச்சு அங்க ரெசிடென்சிங்கற நிபுணர் பயிற்சி பண்றவங்களும் இருக்காங்க, ஆனா அது நீண்ட வழி, இப்ப அதை நினைச்சு பயப்படாத. முதல்ல ஒரத்தநாடு.

கேள்வி: பையன் வெட்னரி படிச்சுட்டு, ஜூவுல மிருகங்களுக்கு டயட் போடற வேலைக்குத்தான் போவேன்னு ஒத்தக்கால்ல நிக்கறான். அப்படி ஒரு வேலை நிஜமாவே இருக்கா சார், இல்ல வெளிநாட்டு வீடியோ பாத்துட்டு சொல்றானா?
ஒரு தகப்பனார், கும்பகோணம்

பதில்: வெளிநாட்டுல பெரிய ஜூ சிலதுல நியூட்ரிஷனிஸ்ட்னே தனியா ஆள் உண்டு. நம்ம நாட்டுல அந்தப் பேர்ல போஸ்ட் ரொம்ப அரிது, இங்க ஜூ டாக்டரும் பயாலஜிஸ்டும் சேந்துதான் தீனி அட்டவணை போடறாங்க, 1992ல வந்த மத்திய உயிரியல் பூங்கா ஆணையம் அதையெல்லாம் மேற்பார்வை பண்ணுது. அதனால தம்பி ஜூ டாக்டரா உள்ள போயி இந்த வேலையைத் தன் கையில எடுத்துக்கறதுதான் நடைமுறை. அது கிடைக்கற வரைக்கும் சோத்துக்குக் கஷ்டம் வராது சார், டி.என்.பி.எஸ்.சி. மூலமா கால்நடை உதவி மருத்துவர் வேலை இருக்கு, நாமக்கல் பக்கம் தீவன மில்லு இருக்கு, நாய் பூனைத் தீனி கம்பெனிங்க வளந்துக்கிட்டே இருக்கு, உணவியல் படிச்சவங்களை அவங்களே தேடறாங்க. பையன் ஆசையைத் தடுக்காதீங்க, பி.வி.எஸ்சி. முடிக்கறதுல மட்டும் குறியா இருக்கச் சொல்லுங்க.

கேள்வி: எங்காத்துல சுத்த சைவம், முட்டை கூட உள்ள வராது. நாய்க்கும் பூனைக்கும் தயிர் சாதம், பால், சில நாள் சாம்பார் சாதம்தான். நாய் நன்னாதான் இருக்கு, பூனைதான் சோந்து போயி கண்ணு சரியா தெரியாத மாதிரி இடிச்சுண்டு நடக்கறது. சைவமா வளக்கறது தப்பா டாக்டர்?
ஒரு வாசகி, திருவையாறு

பதில்: மாமி, முதல்ல பூனையைத் தூக்கிண்டு இன்னைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கோ, மீதியை அப்புறம் படிக்கலாம்.

பூனைக்கு டாரின்னு ஒரு சத்து வேணும், அது கறி, மீன் இதுலதான் இருக்கு, அரிசியிலயும் பருப்புலயும் கிடையாது, பால்லயும் போதாது. நாய் தன் உடம்புலயே அதைத் தயார் பண்ணிக்கும், பூனையால தேவையான அளவு முடியாது. டாரின் இல்லாட்டி கண்ணுல விழித்திரை அழியும், இதயம் வீங்கித் தளரும். இந்த இதய நோய்க்கு டாரின் குறைதான் காரணம்னு கலிஃபோர்னியாவுல 1987ல கண்டுபிடிச்சாங்க, அது வரைக்கும் கடையில வித்த பூனைத் தீனியிலயே அது போதுமான அளவு இல்லாம எத்தனையோ பூனை செத்திருக்கு, அதுக்கப்புறம்தான் கம்பெனிங்க டாரினைக் கூட்டிப் போட ஆரம்பிச்சாங்க. அது மட்டும் இல்ல, கேரட்டு, கீரையில இருக்கறதை நாம வைட்டமின் ஏ-வா மாத்திக்கறோம், பூனையால அதுவும் ஆகாது. அதனால வீட்டுச் சமையல்ல சைவமா பூனை வளக்கறதுங்கறது முடியாத காரியம், இதுல நான் விட்டுக் குடுத்துச் சொல்ல மாட்டேன். உங்க நியமத்தை நான் குறை சொல்லல, சமையக்கட்டுக்கு வெளியில தனிப் பாத்திரத்துல முழுமையான கடைப் பூனைத் தீனி போடுங்கோ, இல்லாட்டி மீன் சாப்பிடற வீட்டுக்குக் குடுத்துடுங்கோ. ஏற்கனவே போன பார்வை திரும்பறது கஷ்டம், ஆனா இதயத்தை சீக்கிரம் கவனிச்சா காப்பாத்த வாய்ப்பு இருக்கு.

நாய் விஷயம் வேற. மனுஷனோட சேந்து வாழ்ந்து மாவுச்சத்தைச் செரிக்கற சக்தி அதுக்கு ஓநாயை விட கூடுதலா வந்துடுச்சு, 2013ல மரபணுவுலயே அதைப் பாத்து எழுதியிருக்காங்க. அதனால திட்டம் போட்டா சைவத்துல நாய் வளக்கலாம். ஆனா வெறும் தயிர் சாதம் திட்டம் இல்ல. கணக்கைப் பாருங்கோ, வெந்த சோறு 100 கிராம்ல 130 கலோரி, புரதம் 3 கிராம் கூட இல்ல, அதாவது 1000 கலோரிக்கு 20 கிராம் சொச்சம். வளந்த நாய்த் தீனிக்கு அமெரிக்காவுல வெச்சிருக்கற குறைந்தபட்ச அளவு 1000 கலோரிக்கு 45 கிராம். சோத்தாலயே வயிறு நிறைஞ்சுட்டா மீதிப் புரதத்துக்கு வயித்துல இடமே இருக்காது, நாய் குண்டா இருக்கும், சதை இருக்காது, முடி சொரசொரன்னு போயிடும், நாம குண்டா இருக்கறதைப் பாத்து நன்னா இருக்குன்னு நினைச்சுப்போம். சோத்தைக் குறைச்சு, நன்னா வெந்த பருப்பு, பன்னீர், தயிர் கூட்டுங்கோ, கால்சியமும் மத்த தாதுவும் எவ்வளவுன்னு டாக்டர்கிட்ட எழுதி வாங்கிக்கோங்கோ. குட்டி நாய் வளக்கறவா இதை ரெண்டு தடவை படிக்கணும், பாலும் சோறும் மட்டும் குடுத்து வளந்த குட்டிக்கு கால் வளையறதை நம்ம ஊர் ஆஸ்பத்திரி எல்லாத்துலயும் பாக்கலாம்.

சாம்பார் சாதம் இன்னையோட நிறுத்துங்கோ. சின்ன வெங்காயம், பெரிய வெங்காயம், பூண்டு எதுவா இருந்தாலும் நாய்க்கும் பூனைக்கும் ரத்தத்துல சிவப்பணுவை உடைக்கும், வேக வெச்சாலும் அந்த விஷம் போகாது, கொஞ்சம் கொஞ்சமா தினம் போனாலும் ரத்த சோகை வரும். பூனைக்கு இன்னும் சீக்கிரம். பாயசத்துல இருக்கற திராட்சையும் நாய்க்கு ஆகாது, கிட்னியைத் தாக்கும்.

கேள்வி: எங்க ஊர்ல குளத்துல பிடிக்கற சின்ன கெண்டையை பூனைக்கு அப்படியே பச்சையா போடறோம். பச்சை மீன்தான் சத்துன்னு அப்பா சொல்றாரு. சரியா?
ஒரு வாசகர், வலங்கைமான்

பதில்: எப்பவாவது ஒண்ணுன்னா ஒண்ணும் ஆகாது தம்பி, தினமும் அதுவே தீனின்னா ஆகாது. கெண்டை வகை மீன்ல தையமினேஸ்னு ஒரு நொதி இருக்கு, அது வைட்டமின் பி-1ஐ உடைச்சுடும். பூனை முதல்ல தீனி எடுக்காது, அப்புறம் தலை தொங்கும், தள்ளாடும், வலிப்பு வரும். வேக வெச்சா அந்த நொதி செத்துடும், அதனால வேக வெச்சுப் போடுங்க, வெந்த தண்ணியைக் கீழ ஊத்தாம சேத்தே வைங்க, டாரின் அந்தத் தண்ணியிலதான் இறங்கியிருக்கும். உப்புக் கருவாடு வேண்டாம்.

கேள்வி: கோயிலுக்குப் போனா யானைக்கு பழமும் வெல்லமும் குடுக்கறது எங்க குடும்ப வழக்கம், பிறந்தநாள் கல்யாணநாள்னா சாதம் உருட்டி அளிக்கவும் கட்டளை கட்டுவோம். இப்ப சில கோயில்ல பாகன் வாங்க மாட்டேங்கறாரு, டயட்டுங்கறாரு. அவ்வளவு பெரிய உடம்புக்கு ரெண்டு வாழைப்பழம் என்ன பண்ணிடும்?
ஒரு வாசகர், மயிலாடுதுறை

பதில்: உங்க ரெண்டு பழம் ஒண்ணும் பண்ணாது சார். உங்களுக்குப் பின்னாடி வரிசையில நிக்கறவங்களையும் எண்ணுங்க, விசேஷ நாள்ல எத்தனை பேர், ஆளுக்கு ரெண்டு பழம், தேங்காய் மூடி, வெல்லம், அப்புறம் கட்டளைச் சாதம். அந்தப் பாகன் வாங்க மாட்டேன்னு சொன்னார்னா அவருக்குக் கை குடுங்க, பக்தருங்க முன்னாடி அப்படி மறுத்துச் சொல்றதுக்குத் துணிச்சல் வேணும், டெல்டாவுல எல்லாக் கோயில்லயும் அப்படி ஒருத்தர் இருக்கணும்.

யானை காட்டுல எப்படிச் சாப்பிடுதுன்னு யோசிங்க. ஒரு நாள்ல முக்கால்வாசி நேரம் அதுக்கு மேய்ச்சல்தான், புல்லு, மூங்கில், மரப்பட்டை, தழை, வேருன்னு, அத்தனையும் நார், அதுலயும் பாதிக்குக் குறைவாத்தான் செரிக்கும், மீதி லத்தியில வந்துடும், லத்தியைப் பிட்டுப் பாத்தா நாரு நாரா இருக்கறது அதனாலதான். சத்து கம்மியான தீனியை நாள் பூரா நடந்துக்கிட்டே தின்னு உசுர் வாழறதுக்கு ஏத்த உடம்பு அது. மூணரை டன் யானைன்னு வெச்சுக்கோங்க, உடம்பு எடையில ஒன்றரை சதவீதம் காய்ஞ்ச தீனிக் கணக்குன்னா 50 கிலோவுக்கு மேல வருது, பச்சைப் புல்லுல முக்கால் பங்கு தண்ணி, அப்ப 200 கிலோ பச்சைத் தீவனம் வேணும். அந்த இடத்தை சோறும் வெல்லமும் பிடிச்சா என்ன ஆகும், கலோரி சீக்கிரம் கிடைச்சுடும், வாய்க்கும் குடலுக்கும் வேலை இல்லாம போயிடும், வயித்துவலி வரும், உடம்பு பெருக்கும். பெருத்த உடம்பை கல்லுத் தரையிலயும் சிமெண்டுத் தரையிலயும் நாள் முழுக்க நின்னு தாங்கறது அந்த நாலு காலும்தான். அடைச்சு வளக்கற யானைங்களுக்கு கால் புண்ணும் மூட்டு நோயும் எவ்வளவு பெரிய பிரச்சினைன்னு இதைப் பாக்கற டாக்டரைக் கேட்டா சொல்லுவாங்க, ஒரு தடவை படுத்துட்டா திரும்ப எழுப்பறது எவ்வளவு கஷ்டம்னும் சொல்லுவாங்க.

2003ல முதுமலையில கோயில் யானைங்களுக்கு நலவாழ்வு முகாம் ஆரம்பிச்சாங்க, பின்னாடி மேட்டுப்பாளையம் பக்கம் தேக்கம்பட்டியில நடந்துச்சு, அங்க எடை மேடையில ஏத்தி எடை பாத்து அதுக்கு ஏத்த தீனியும் நடையும் குடுத்தாங்க. முகாம் நடந்தாலும் நடக்காட்டியும் எடை பாக்கறதை விடக் கூடாது, ஊருக்கு ஊர் லாரி எடை மேடை இருக்கே, அங்கயே ஏத்திப் பாக்கலாம். 2011ல தமிழ்நாட்டுல வளர்ப்பு யானை பராமரிப்புக்கு விதிகளே வந்திருக்கு, தீனிக்கு ஒரு பதிவேடு இருக்கான்னு கோயில்ல மரியாதையா கேட்டுப் பாருங்க.

வழக்கத்தை விட்டுடுங்கன்னு நான் சொல்லல. கட்டளையைப் புல்லுக் கட்டா மாத்துங்க. நம்ம ஊர்ல தண்ணி இருக்கு, கோ-4, கோ-5 கம்பு நேப்பியர் புல்லு வாய்க்கால் ஓரத்துல கூட வளரும், ஒரு குழி நிலத்தை அதுக்குன்னு விட்டா எத்தனை நாள் கட்டளை அது. ஆலந்தழை, அரசந்தழை, மூங்கில், தென்னை மட்டை, கூந்தப்பனை எல்லாம் கலந்து குடுக்கணும், ஒரே தென்னை மட்டையையே வருஷம் பூரா போட்டாலும் ஆகாது. வயசான யானைன்னா தழையை நறுக்கிக் குடுக்கச் சொல்லுங்க, யானைக்கு வாழ்நாள்ல கடைவாய்ப் பல்லு ஆறு செட்டுதான், கடைசி செட்டு தேய்ஞ்சுட்டா மெல்ல முடியாம நல்ல தீனி எதிர்ல இருந்தும் மெலியும்.

கேள்வி: ஒரத்தநாட்டுல கடைசி வருஷம் படிக்கறேன் சார். மாட்டுக்கும் கோழிக்கும் சத்துத் தேவை அட்டவணை இருக்கு. சிறுத்தைக்கோ கருமந்திக்கோ அட்டவணையே இல்லாதப்ப டயட் எதை வெச்சுப் போடறது?
ஒரு மாணவர்

பதில்: நல்ல கேள்வி தம்பி, வன உயிரின உணவியலோட மையமே இதுதான். நேரா ஆராய்ச்சி பண்ணாத மிருகத்துக்கு, வயித்து அமைப்பு ஒத்துப் போற வளர்ப்பு மிருகத்தை மாதிரியா எடுக்கறோம். புலி, சிறுத்தைக்குப் பூனை, யானைக்கும் காண்டாமிருகத்துக்கும் குதிரை, மானுக்கு மாடும் ஆடும். அமெரிக்க தேசிய ஆராய்ச்சி கவுன்சில் நாய் பூனைக்கு 2006லயும் குதிரைக்கு 2007லயும் குரங்கினத்துக்கு 2003லயும் தேவை அளவு வெளியிட்டிருக்கு, அதுலேந்து ஆரம்பி. ஆனா பேரைப் பாத்து மாதிரியை எடுத்துடாத, வயித்தைப் பாரு. சிங்கவால் குரங்கும் குரங்கு, கருமந்தியும் குரங்குதான், ஆனா கருமந்திக்கு இரைப்பையே பல அறை, முன்னாடியே இலையை நொதிக்க வெக்குது, அதுக்குப் பழமும் ரொட்டியும் குடுத்தா மாட்டுக்குப் பொங்கல் ஊட்டுன கதைதான்.

பழத்தைப் பத்தி ஒரு வார்த்தை. நாம கடையில வாங்கற வாழை, மாம்பழம் எல்லாம் மனுஷன் இனிப்புக்காகவே தேர்ந்தெடுத்து வளத்தது, காட்டுப் பழத்தை விட சர்க்கரை அதிகம், நார் கம்மி. இங்கிலாந்துல பெய்ன்டன் ஜூவுல குரங்குங்களுக்கு வாழைப்பழத்தையே நிறுத்தி காய்க்கு மாத்துனாங்க, 2014ல அது செய்தியாவே வந்துச்சு. கொடிக்கரையில சுற்றுலா வர்றவங்க குரங்குக்கு சிப்ஸும் பழமும் போடறதைப் பாத்திருப்ப, சுகமா இருக்கற காட்டுக் குரங்குக்கே ஜூ குரங்கோட நோயை நாமளா வரவழைக்கற வேலை அது.

அடுத்தது அளக்கறது. சுவத்துல ஒட்டியிருக்கற அட்டவணை வேற, மிருகம் வயித்துக்குள்ள போறது வேற. காலையில போடறதை எடை போடு, மறுநாள் மிச்சத்தை எடை போடு, அதே தீனியை மிருகம் தொடாத இடத்துல ஒரு தட்டுல தனியா வெச்சு வெயில்ல எவ்வளவு தண்ணி காயுதுன்னு பாத்து அதைக் கழி, நம்ம சித்திரை வெயில்ல இதைச் செய்யாட்டி கணக்கே தப்பாயிடும். கூட்டமா இருக்கற கூண்டுன்னா யாரு எதைத் தின்னாங்கன்னு உக்காந்து பாரு, வலுத்தது இனிப்பை எல்லாம் பொறுக்கிடும், ஒடுங்குனதுக்கு தண்டும் தோலும்தான் மிஞ்சும், சராசரி போட்டா ரெண்டும் ஆரோக்கியமா தெரியும். சாணத்தைப் பாரு, மாசா மாசம் எடை பாரு, எடை பாக்க முடியாட்டி இடுப்பெலும்பு, விலா எப்படித் தெரியுதுன்னு ஒரே கோணத்துல போட்டோ எடுத்து மதிப்பெண் போடு.

மாமிச உண்ணிக்கு எலும்பை மறந்துடாத. வெறும் சதைக் கறியில பாஸ்பரஸ் கால்சியத்தை விட 15, 20 மடங்கு இருக்கும், உடம்புக்கு வேண்டியதோ கால்சியம் பாஸ்பரஸுக்குச் சமமா, இல்லாட்டி கொஞ்சம் கூடுதலா. எலும்பில்லாத கறியிலயே வளத்த குட்டி தன் எலும்பையே கரைச்சு ரத்தத்துக்குக் கால்சியம் குடுக்கும், கொஞ்சம் குதிச்சாலே கால் முறியும். ஈரலை சத்துன்னு நினைச்சு தினமும் கொட்டுனா வைட்டமின் ஏ மிஞ்சி அதுவும் எலும்பைக் கெடுக்கும். தீனி சாம்பிள் பரிசோதிக்க நாமக்கல் காலேஜ்ல தீவனப் பகுப்பாய்வு லேப் இருக்கு, இன்டர்ன்ஷிப்ல ஒரு வாரமாவது அங்க நில்லு.

கேள்வி: பி.எஸ்சி. விலங்கியல் முடிச்சுட்டேன், வெட்னரி சீட்டு கிடைக்கல. இந்தத் துறைக்குள்ள எனக்கு வழி இருக்கா?
ஒரு வாசகி, சீர்காழி

பதில்: இருக்கும்மா, அதுவும் உங்க ஊருக்குப் பக்கத்துலயே. மன்னம்பந்தல் ஏ.வி.சி. காலேஜ்ல வன உயிரியல் எம்.எஸ்சி. இருக்கு, நாட்டுலயே அந்தப் படிப்புக்குப் பேர் போன இடம். காட்டுல அந்த மிருகம் எந்த மாசத்துல எதைத் தின்னுதுங்கற விவரம் இல்லாம ஜூ டயட் போட முடியாது, அந்த விவரத்தைச் சேக்கறது கால்நடை டாக்டர் இல்ல, உன்னை மாதிரி களத்துல இறங்கறவங்கதான். கொடிக்கரையில வெளிமானும் அங்க திரியற குதிரைங்களும் சீமைக்கருவேல நெத்தைத் தின்னு அதோட விதையைப் பரப்புது, இதெல்லாம் சாணத்தைப் பிரிச்சு உக்காந்து பாத்துக் கண்டுபிடிக்கறதுதான். ஒண்ணை மட்டும் தெளிவா தெரிஞ்சுக்கோ, நோய் வந்த மிருகத்துக்கு வைத்தியமா டயட் எழுதறது பதிவு பெற்ற கால்நடை மருத்துவரோட வேலை, ஆன்லைன்ல நாலு வாரம் படிச்சு சர்ட்டிபிகேட் வாங்கிட்டு செல்லப்பிராணி டயட்டீஷியன்னு போர்டு மாட்டறவங்க கூட்டத்துல நீ சேராத.

கேள்வி: லவ் பேர்ட்ஸ் வளக்கறேன், தினை மட்டும்தான் சாப்பிடுது. போதுமா? தோப்புல காத்துல விழுந்த பச்சைக்கிளிக் குஞ்சு ஒண்ணும் இருக்கு, அதுக்கு பால் சோறு குடுக்கலாமா?
ஒரு மாணவர், நாகப்பட்டினம்

பதில்: கிளிக்குஞ்சை முதல்ல பேசுவோம். பச்சைக்கிளியை வீட்டுல வளக்கறது 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம் தம்பி, வனத்துறைக்கு இன்னைக்கே போன் பண்ணு. அவங்க வர்ற வரைக்கும் அட்டைப் பெட்டியில துணி போட்டு கதகதப்பா வை, சில்லுன்னு இருக்கற குஞ்சுக்குத் தீனி குடுத்தா செரிக்காது. பால் கூடவே கூடாது, பறவைக்குப் பால் சர்க்கரையைச் செரிக்கற நொதி கிடையாது. வாயைத் திறந்து தண்ணி ஊத்தாத, மூச்சுக்குழாய்ல போயிடும்.

லவ் பேர்ட்ஸுக்கு தினை மட்டும் போதாது, வைட்டமின் ஏ-யும் கால்சியமும் அயோடினும் அதுல ரொம்பக் கம்மி. முருங்கைக்கீரை, கொத்தமல்லி, கேரட் துருவல் இதெல்லாம் காலையில தினைக்கு முன்னாடி வை, பசியில கொத்திப் பழகும், பழக நாளாகும், விட்டுடாத, ஆனா பழகற வரைக்கும் தினையை முழுசா நிறுத்திடவும் கூடாது, சின்னப் பறவை பட்டினி தாங்காது. கால்சியத்துக்கு நீ கடைக்கே போக வேண்டாம், உங்க ஊர் கடற்கரையில கணவா ஓடு ஒதுங்கும், நாட்டு மருந்துக் கடையில கடல்நுரைன்னு விக்கறது அதுதான், நல்ல தண்ணியில ரெண்டு மூணு நாள் தண்ணி மாத்தி மாத்தி ஊறவெச்சு உப்பு போக்கி வெயில்ல காய வெச்சு கூண்டுக் கம்பியில கட்டி விடு.